மலைக் காடும் ஆற்று நீரும்

ஆனைமலைத் தொடரிலிருந்து இறங்கும் நீரே பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களின் விவசாயத்துக்கு முதலாதாரம் என்பது யாவரும் அறிந்ததே. ஆழியாற்றின் பழைய அணைகளாகிய பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் ஆகிய ஐந்தின் ஆயக்கட்டுதாரர்களும் தலைமுறை தலைமுறையாக அம்மலையின் நீரை நம்பியே பயிர் செய்து வந்திருக்கின்றனர். 1961ஆம் வருஷத்தில் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேருவால் தொடங்கி வைக்கப்பட்ட பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பயனாக, அந்நம்பிக்கை லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்துக்குப் பரவியது. ஆகையால், மலைமேல் ஒரு மரம் வெட்டப்படுவதும் ஒரு மரம் நடப்படுவதும் கீழேயுள்ள குடியானவனின் காரியமேயாகும்.

காட்டை வெட்டினால் ஆற்றில் நீர் குறையுமா, கூடுமா என்ற கேள்விக்குக் கிராமங்களில் இரண்டு விதமான விடைகள் வழங்குகின்றன. மரம் போனால் நீரும் போகும் என்பர் ஒரு சாரார். மரமே நீரைக் குடிக்கிறது, அதை நீக்கினால் நீர் மிஞ்சும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டிலும் உண்மையின் ஒரு பாகம் உண்டு. வருஷத்தில் மொத்தம் எவ்வளவு நீர் வருகிறது என்பது ஒரு கேள்வி; அது எந்த மாதத்தில் வருகிறது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதனாலேயே இத்தனை விவாதமும் உண்டாகின்றது.

நீரின் வரவு செலவு

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மலையின் நீர்க் கணக்கு எளிதில் விளங்கும். மழை என்பது வரவு. இலைகளின் மேல் தங்கி அப்படியே ஆவியாகிவிடும் நீர் முதற் செலவு. வேர் உறிஞ்சி, இலைவழியாகக் காற்றில் விடும் நீர் இரண்டாவது செலவு. இவை போக எஞ்சுவதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி இருப்பாக நிற்கிறது. மற்றொரு பங்கு தரையின் மேலேயே ஓடி அன்றே ஓடையைச் சேர்கிறது. மண்ணுக்குள் இறங்கிய இருப்பு, மழை நின்ற பின்பும் வாரக்கணக்காக, மாதக்கணக்காக, ஊற்றாகக் கசிந்து ஓடைக்கு வந்துகொண்டிருக்கும். தை மாதத்துக்குப் பின்னும் பள்ளங்களில் நீர் ஓடுமாயின் அது இவ்விருப்பிலிருந்து வருவதேயாகும்.

வரவு எவ்வளவு பெரியது என்பதையும் அறிதல் நலம். ஓர் ஏக்கரில் 1 அங்குல மழை பெய்தால் அந்நீர் ஏறக்குறைய 1,02,800 லிட்டர் ஆகும். 100 ஏக்கர் சரிவில் 1 அங்குலம் பெய்தால் 1 கோடி லிட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதும் வால்பாறைப் பீடபூமியில் வருஷத்துக்குச் சராசரி 140 அங்குலத்தை ஒட்டி மழை பெய்கிறது. மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் பொள்ளாச்சிச் சமவெளிக்குக் கிட்டுவதோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆகவே இப்பகுதியின் பயிர், தன் தலைமேல் பெய்யும் மழையைவிட மலைமேல் பெய்யும் மழையையே அதிகமாக நம்பியிருக்கிறது.

காட்டை வெட்டும்போது இக்கணக்கில் இரண்டு மாறுதல்கள் நேரிடுகின்றன. இலையும் வேரும் செய்த செலவு நின்றுவிடுகிறது. அதனால் எஞ்சும் நீர் கூடுகிறது. அதே சமயம், மண் கெட்டுப்போகுமானால் இருப்பு வைக்கும் பெட்டி சிறுத்துவிடுகிறது. காட்டுத் தரையில் இலைச்சருகு மக்கி, புழுவும் பூச்சியும் துளைத்து, பழைய வேர்கள் அழுகிய இடமெல்லாம் குழாய்கள் போலாகி, மண் பஞ்சுபோல் இருக்கும். அத்தரையில் மரத்தை வெட்டி இழுத்துச் சென்றால் மண் இறுகுகிறது, சருகு எரிந்துபோகிறது, இழுத்த தடமே அடுத்த மழையில் ஓடையாகிறது. அப்போது வருஷத்தின் மொத்த நீர் கூடினும், அதில் பெரும்பங்கு ஆடி மழையிலேயே கலங்கலாக ஓடிவிடும். மாசி, பங்குனியில் ஓடை வறண்டு கிடக்கும். வருஷ முடிவில் கணக்கு நேராக இருந்தும், விதைப்புக் காலத்தில் பெட்டியில் பணம் இல்லாத சங்கத்தால் அங்கத்தினருக்கு என்ன பயன்?

ஆனைமலையில் நடந்த வெட்டு

ஆனைமலைக் காட்டின் கதை தேக்கிலிருந்து தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கிருந்து கப்பல் கட்டுவதற்காகப் பம்பாய்க்குத் தேக்கு சென்றது. 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி இக்காடுகளின் மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்டார். பின்னர் ரெயில் பாதை போடத் தொடங்கியதும் தண்டவாளத்தின் அடியில் வைக்கும் கட்டைகளுக்கும் மரம் தேவைப்பட்டது. டாப்ஸ்லிப் என்ற பெயரே, வெட்டிய மரங்களை மலை விளிம்பிலிருந்து சரிவில் சறுக்கிவிட்ட தொழிலிலிருந்து வந்ததாகும்.

1856இல் சென்னை மாகாணத்தில் காட்டு இலாகா ஏற்பட்டபோது அதன் தலைவராக நியமிக்கப்பட்ட டாக்டர் ஹ்யூ கிளெக்ஹார்ன், காடழிவினால் தட்பவெப்பத்துக்கும் நீர்நிலைக்கும் நேரும் கேட்டைப் பற்றி அதற்கு முன்பே, 1851இல், பிரிட்டனில் ஒரு விஞ்ஞானக் குழுவில் இருந்து ஆராய்ந்தவர். 1858இல் அவர் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்கே சென்று பார்வையிட்டார். காட்டுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பு அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. ஆனால் அளந்து பார்த்தவர் அப்போது ஒருவரும் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூகோ வுட் என்ற காட்டு அதிகாரி, தறித்த அடிக்கட்டைகளை மறுபடி தழைக்கவிடும் முறையையும், வெற்றிடங்களில் தேக்கு விதைத்து வளர்க்கும் முறையையும் இங்கே கைக்கொண்டார். 1933இல் காலமான அவருடைய சமாதி டாப்ஸ்லிப்புக்கு அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அத்தேக்கு மரங்களின் நடுவிலேயே இருக்கிறது. வெறுந்தரை மீண்டும் காடானது பெரும் நன்மையே. எனினும் தேக்குத் தோப்பும் பழைய கலப்புக் காடும் நீர் விஷயத்தில் ஒன்றல்ல. தேக்கு கோடையில் இலை உதிர்க்கும். உதிர்ந்த சருகில் தீப் பிடித்தால் தரை வெறுமையாகும். அகன்ற இலைகளில் திரண்டு சொட்டும் பெருந்துளிகள் வெறுந்தரையைக் குத்திக் கிளறும்.

மலையின் மற்றொரு பாகத்தில் வேறு விதமான மாறுதல் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பிக்காகவும், அதன் இறுதியில் தேயிலைக்காகவும் வால்பாறையின் மழைக்காடுகள் வெட்டப்பட்டன. இன்று ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தோட்டங்களும், அவற்றின் இடையே தீவுகள்போல் துண்டு துண்டான மழைக்காடுகளும் இருக்கின்றன. தேயிலை உலர்த்தும் விறகுக்காகச் சில சரிவுகளில் யூகலிப்டஸ் என்னும் தைல மரமும் நடப்பட்டது.

அளந்து அறியும் முறை

ஓர் ஆற்றில் இந்த வருஷம் நீர் குறைந்தால், அது மரம் வெட்டியதாலா, மழை குறைந்ததாலா என்று பார்வையால் சொல்ல முடியாது. இதற்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயம் மிக எளிது. அருகருகே உள்ள இரண்டு சிறு ஓடைகளைத் தேர்ந்து, ஒன்றின் காட்டைத் தொடாமல் விட்டு, மற்றொன்றின் காட்டை மாற்றி, இரண்டின் நீரையும் அளந்து ஒப்பிடுவதே அது. ஒரே மழை இரண்டுக்கும் பெய்வதால், பிறகு காணும் வித்தியாசம் காட்டினால் வந்ததென்று கொள்ளலாம்.

இம்முறைக்கு வழிகாட்டியது ஸ்விட்ஸர்லாந்து தேசம். அங்கே எம்மென்டால் பள்ளத்தாக்கில், முழுவதும் காடடர்ந்த ஸ்பெர்பெல்கிராபென் என்ற ஓடையும், மூன்றில் ஒரு பங்கே காடுள்ள ராப்பென்கிராபென் என்ற ஓடையும் 1903 முதல் அளக்கப்பட்டு வந்தன. திடீரென்று கொட்டும் பெருமழையில் காட்டோடையின் வெள்ளம் தணிந்து வந்தது. ஆனால் நாட்கணக்காக மழை பெய்து மண் முழுவதும் நனைந்துவிட்ட பின், இரண்டு ஓடைகளுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. காடு எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் என்பது மிகைக் கூற்று என்பது இதனால் விளங்கிற்று. இச்சோதனையில் ஒரு குறையும் இருந்தது: இரண்டு ஓடைகளும் ஆதியிலேயே ஒன்றுபோல் நடந்துகொண்டனவா என்பது தெரியாது.

அக்குறையை நீக்கியது அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் பனி மூடும் மலையொன்றில் நடந்த வாகன் வீல் கேப் சோதனை. 1910இல் அது தொடங்கிற்று. சுமார் 200 ஏக்கர் அளவுள்ள இரண்டு ஓடைச் சரிவுகளை முதலில் எட்டு வருஷம்வரை ஒன்றும் செய்யாமல் அளந்து, அவற்றின் இயல்பான உறவை அறிந்துகொண்டார்கள். 1919இல் ஒரு சரிவின் மரங்களை வெட்டி, 1926 வரை மறுபடியும் அளந்தார்கள். வெட்டுவதற்கு முன் வருஷத்துக்கு 6 அங்குலத்தை ஒட்டி இருந்த ஓடை நீர், வெட்டிய பிறகு ஏறக்குறைய 1 அங்குலம் கூடியது. ஆனால் அக்கூடுதலில் பெரும்பாகம் வசந்த காலத்தில் பனி உருகும் வெள்ளத்தோடு சேர்ந்தே வந்தது. அதே மாகாணத்தின் ஃபூல் கிரீக் ஓடையில் 1950களில் சுமார் 700 ஏக்கர் காட்டில் நூற்றுக்கு 40 பங்கைப் பட்டை பட்டையாக வெட்டியபோது, முதல் சில வருஷங்களில் நீர் நூற்றுக்கு 40 அளவுக்கு உயர்ந்தது. அங்கும் அது பனி உருகும் காலத்திலேயே அதிகம்.

1982இல் பாஷ், ஹ்யூலெட் என்ற இரு அறிஞர்கள் உலகெங்கும் நடந்த 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தனர். காடு குறைந்தால் மொத்த ஓடை நீர் கூடுவதும், காடு பெருகினால் அது குறைவதுமே பொதுவான முடிவாக இருந்தது. மரத்தின் இனத்தைப் பொறுத்து இவ்வளவு மாறுபடுகிறது. பைன், யூகலிப்டஸ் இனங்கள் அதிகமாகவும், இலையுதிர் மரங்கள் அதற்குக் குறைவாகவும், புதர்கள் மிகக் குறைவாகவும் நீரைச் செலவிடுகின்றன.

பனிமலையும் ஆனைமலையும்

இம்முடிவுகளை அப்படியே ஆனைமலைக்குப் பொருத்துதல் தவறாகும். கொலராடோ மலையில் குளிர்காலம் முழுவதும் விழும் பனி, உருகாமல் சரிவிலேயே கட்டியாகக் கிடக்கிறது. அப்பனியே அம்மலையின் ஏரி. மரக்கிளைகளின் மேல் தங்கிய பனி காற்றோடு ஆவியாகிவிடும். மரத்தை வெட்டியதும் அதுவும் தரையில் விழுந்து சேமிப்பில் கூடுகிறது. வெயில் ஏறியதும் மெல்ல உருகி வருவதால், இழுத்த தடங்களைச் சரியாக அமைத்தால் மண்ணுக்கு நேரும் கேடும் குறைவு.

ஆனைமலையில் பனிக்கட்டி மூடுவதில்லை. உயரத்திலுள்ள புல்மலைகளில் குளிர்கால இரவுகளில் உறைபனி படிவது மட்டுமே உண்டு. இங்கே வரவு முழுவதும் மழையாகவே, அதுவும் சில மாதங்களிலேயே, பெரும் வேகத்தோடு வந்து விழுகிறது. அதைப் பிடித்து வைக்கும் ஏரி மண் ஒன்றே. பனிமலையில் மரம் வெட்டுபவன் ஏரியைத் தொடுவதில்லை. ஆனைமலையில் வெட்டி இழுப்பவன் ஏரியின் அடித்தளத்தையே மிதித்து இறுக்குகிறான். இவ்விரு மலைகளுக்கும் உள்ள பெரும் பேதம் இதுவே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வட பாகத்தில், கர்நாடகத்தின் உத்தர கன்னட ஜில்லாவில் ஜகதீஷ் கிருஷ்ணசுவாமி, மைக் பானெல் முதலியோர் செய்த ஆராய்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. அதிகம் கெடாத காட்டு மண்ணில் நீர் எளிதாக இறங்குகிறது. வெட்டியும் மேய்த்தும் கெட்ட தரையில் அது குறைந்து, மழையின்போதே ஓடும் பங்கு கூடுகிறது. அத்தகைய தரையில் மறுபடி மரம் வளர்த்தாலும், மண் தன் பழைய குணத்தை அடையப் பல வருஷங்கள் செல்கின்றன.

நீலகிரி தந்த பாடம்

அப்படியானால் எந்த மரத்தையேனும் நட்டு மலையை மூடிவிட்டால் போதுமல்லவா என்று கேட்கலாம். இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே அளந்து கிடைத்திருக்கிறது. நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில், உதகமண்டலத்து மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் தலா 80 ஏக்கரை ஒட்டிய இரண்டு சரிவுகளை 1968 முதல் அளந்து வந்தனர். இரண்டும் சோலையும் புல்வெளியும் கலந்தவை. 1972இல் ஒன்றில் நூற்றுக்கு 59 பங்கு பரப்பில் யூகலிப்டஸ் நடப்பட்டது. மற்றது முன்போலவே விடப்பட்டது.

முதற் பத்து வருஷங்களில், மரம் நட்ட சரிவிலிருந்து வந்த மொத்த நீர் சராசரியாக நூற்றுக்கு 16 வீதம் குறைந்தது. மரங்களை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாவது பத்து வருஷங்களில் அக்குறைவு நூற்றுக்கு 25 வீதத்தைத் தாண்டியது. ஊற்றுக்கசிவு நீரும் அதே விகிதத்தை ஒட்டிக் குறைந்தது. வேர் ஏற்கெனவே ஆழமாக இறங்கியிருந்ததால், இரண்டாம் முறை தழைத்த மரம் முதல் நாளிலிருந்தே அதிகமாக உறிஞ்சியது. பச்சையாகத் தோன்றுவதெல்லாம் நீர் தரும் காடு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. புல்வெளியும் வீண் நிலமன்று. அக்காமலைப் புல்மலைகளைப் போன்ற இடங்களில் புல்லே மண்ணைப் பிடித்து, குறைந்த செலவில் நீரைக் கீழே அனுப்புகிறது.

அணைகள் இருக்கும்போது கவலை ஏன்?

வெள்ளமாக வந்தால் என்ன, அணைகள் அதைத் தேக்கிக் கொள்ளுமே என்று சிலர் எண்ணலாம். ஓரளவுக்கு இது உண்மையே. ஆனால் ஆழியாறு அணையின் கொள்ளளவு ஏறக்குறைய 386 கோடி கன அடி மட்டுமே. நிரம்பிய பின் வரும் வெள்ளம் வழிந்தோடிவிடும். கலங்கல் நீரோடு வரும் வண்டல் அணையின் அடியில் தங்கி, ஒவ்வொரு வருஷமும் சிறிது இடத்தை அடைக்கிறது. அவ்வாறு இழந்த இடத்தைத் தூர்வாரி மீட்பது பெருஞ்செலவு. மேலும், அணைக்கு வெளியேயுள்ள சிறு ஓடைகளுக்கும், பள்ளங்களை அடுத்த கிணறுகளுக்கும் மேல்மலை மண்ணைத் தவிர வேறு தேக்கம் இல்லை. மலையடிவாரத்துக் குடியானவனும், மலைமேல் வாழும் காடர், மலைமலசர் முதலியோரும் குடிக்கும் நீர் இவ்வோடைகளைச் சேர்ந்ததே.

இக்காடுகளில் பெரும்பாகம் 2007ஆம் வருஷம் ஆனைமலைப் புலிகள் காப்பகமாயிற்று. முன்போன்ற வியாபார வெட்டு அங்கே இல்லை. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், தோட்டக் கம்பெனிகளின் ஒத்துழைப்போடு, சுமார் 2000ஆம் வருஷம் முதற்கொண்டு கெட்டுப்போன மழைக்காட்டுத் துண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு மர இனங்களை நட்டு வருகின்றனர். இம்முயற்சியின் பயன் மண்ணில் முழுவதும் தெரியப் பொறுமை வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. சங்கக் கட்டடத்தின் திறந்த வெளியில் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை 8-30 மணிக்கு அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதி வருதல். மழையின் அளவு தெரியாமல் ஓடையின் குறைவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

2. கிராமத்து ஓடையில், அதிகாரிகளின் அனுமதி பெற்று, நேர்கோணமாக வெட்டிய முக்கோண வாயுள்ள தகட்டைக் குறுக்கே பதித்து நீரை அளத்தல். அவ்வாயில் நீர் 10 சென்டிமீட்டர் உயரம் நின்றால் விநாடிக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. 20 சென்டிமீட்டர் நின்றாலோ 25 லிட்டரை ஒட்டி ஓடுகிறது. உயரம் இரட்டித்தால் நீர் ஐந்து மடங்குக்கு மேல் கூடுவதால், கண்ணால் பார்த்து மதிப்பிடுவது எப்பொழுதும் பிழையாகும். தை முதல் வைகாசி வரை வாரம் ஒரு முறையேனும் அளவெடுத்தல் அவசியம்.

3. பொது நிலத்தில் மரம் நடும் யோசனை வந்தால், எந்த மரம், எந்த இடத்தில் என்று முதலில் கேட்டல். ஊற்றுக்கண்களின் மேலும் ஓடைக்கரைகளிலும் யூகலிப்டஸ் முதலிய வேகமாக வளரும் மரங்களைத் தவிர்த்து, அவ்விடத்துக்கு உரிய கலப்பு மரங்களையும் புல்லையும் காத்தல்.

4. ஓடையின் இரு கரையிலும் ஒரு பட்டை நிலத்தை வெட்டாமலும் மேய்க்காமலும் விடுதல். கோடையில் சருகுக்குத் தீ வைக்காதிருத்தல்.

5. மண் பாதைகளிலும் வண்டித் தடங்களிலும் ஓடும் மழைநீரை நேராக ஓடைக்குள் விடாமல், சிறு குறுக்கு வாய்க்கால்கள் வெட்டிப் புதர் நிலத்தில் பரவவிடுதல். செலவு குறைந்ததும் பலன் விரைந்ததுமான வேலை இது.

பத்து வருஷக் குறிப்பு சங்கத்தின் அலமாரியில் சேருமாயின், அதன் மதிப்பு பெரிது. அடுத்த முறை மேல்மலையில் ஒரு பாதையோ, தோப்போ, வேறு திட்டமோ யோசனைக்கு வரும்போது, அங்கத்தினர்கள் தங்கள் ஓடையின் வரவு செலவை எடுத்துக் காட்டிப் பேசலாம். வாகன் வீல் கேப்பிலும் கிளென்மார்கனிலும் முதலில் செய்யப்பட்டது இதுவே: ஒன்றையும் மாற்றுமுன் சில வருஷம் பொறுமையாக அளந்து எழுதியதுதான்.